வேலிக்குள் வந்த தண்ணீர்

பேருந்து படகுத்துறையில் வந்து நின்றதும் அந்த வாடை அடிக்கிறது. வற்றிய ஆற்றின் சேற்று வாடை. அழுகின நிப்பாப் பனை மட்டை, நண்டு வளை, உப்பு, எங்கோ செத்துக் கிடக்கும் மீன், எல்லாம் சேர்ந்து ஒரே வாடையாக ஜன்னலுக்குள் ஏறுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் எட்டி ஆற்றைப் பார்க்கிறேன். தண்ணீர் எப்போது திரும்பும்? யாரையாவது கேட்டுவிட வேண்டும் போலிருக்கிறது. கேட்டு என்ன செய்ய? பத்து பாகாட் டவுனுக்குத் துணி எடுக்கப் போகிற, தலை நரைக்கத் தொடங்கிவிட்ட ஒரு பெண்பிள்ளைக்கு ஆறு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஆனாலும் படகு அக்கரை சேரும்வரை என் வலது கை மூடியே இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. திறந்தால் விழுந்துவிடும் என்பதுபோல மூடியே இருக்கிறது.

எங்கள் சபையை வெளியார் யாரும் சபை என்று சொன்னதில்லை. 'முழுக்குக்காரங்க கொட்டாய்' என்பார்கள். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தின் கடைசி லயத்து வீடுகளுக்கும் பின்னால், அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர் இடுப்பளவு, அதற்கு மேல் வெறும் காற்று. முதல் பெரிய சண்டைக்கு முன்பே ஒரே கங்காணியின் ஆட்களாக வந்த சில குடும்பங்கள் தொடங்கியது அது. ஊரில் பாப்டிஸ்ட் சபையில் இருந்தவர்கள். கடல் தாண்டி இந்த மலாய் மண்ணுக்கு வந்து முதலில் ஒரு பால்மரத்தடியில் கூடினார்களாம். பிறகு மாடு செத்துப்போன ஒரு தொழுவத்தில். பிறகுதான் இந்தக் கொட்டாய். மணி கிடையாது. தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பார்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் தண்டவாளத் துண்டுதான். அதனால் புதிதாக வந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியும் வாளியுமாக ஓடிவந்து, எங்கள் பாட்டைக் கேட்டுத் திகைத்து நின்று, திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

குழந்தைகளுக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்து, மனசார விசுவாசித்து, தானே கேட்க வேண்டும். கேட்டால் முழுக்கத் தண்ணீருக்குள். தலையில் தெளிப்பதெல்லாம் எங்கள் கணக்கில் சேராது. ஒரு முடி வெளியே மிதந்தாலும் மறுபடி முழுக வேண்டும். இதுதான் எங்களை மற்றக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரித்தது. இதுதான் எல்லாருக்கும் எங்களைக் கேலிப்பொருளாக்கியது. ஆரம்பத்தில் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் ஓடும் ஓடையில், பலகை வைத்து அடைத்து முழுகினோம். நானும் அங்கேதான் எடுத்தேன். பால் உறையவைக்கும் அமிலத் தண்ணீர் அதில் கலக்கும். முழுகி எழுந்தவர்களின் கண் சிவந்து மூன்று நாளைக்குக் குறையாது. "என்னா, ஒங்க ஆவி எறங்கினா கண்ணு செவக்குமா? எங்க ஆளுங்களுக்குக் கள்ளு எறங்கினாலும் இதே செவப்புதான் லா" என்று கடைக்காரர் கேட்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டாய்க்கு வந்தவர்கள் முதலில் கைவிட்டது பஞ்சாங்கத்தை. நாள் பார்ப்பது, நேரம் பார்ப்பது, பௌர்ணமி, அமாவாசை எதுவும் கூடாது. எங்களுக்கு உள்ள ஒரே நாள் ஞாயிறு. அதில் எங்களுக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தை ஆறு பார்த்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா முழுக்கு எடுக்கவில்லை.

அப்பா சபைக்காரர். அம்மா இல்லை. தோட்டத்தில் பார்த்து, தோட்டத்தில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அம்மா ஞாயிறு தவறாமல் வருவாள். கதவில்லாத அந்த வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் உட்காருவாள். பாட்டெல்லாம் மனப்பாடம். இராப்போஜனத்தின்போது அப்பத் தட்டை எடுத்து வரும் மூப்பர், அவளிடம் வரும்போது மட்டும் ஓரடி விலகி நடப்பார். அவர் கெட்டவரல்ல. ஸ்டோரில் ரப்பர் ஷீட் புகைபோடும் வேலை. பனியனிலிருந்து எப்போதும் புகை மணக்கும். முழுக்கு எடுக்காதவர்களுக்கு அப்பம் இல்லை என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பது அவர் கை. அந்தப் புகை மணம் தன்னைத் தாண்டிப் போவதை அம்மா தலை குனிந்தபடியே அறிந்துகொள்வாள்.

எடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னதில்லை. தண்ணீரிடம் போக முடியவில்லை, அவ்வளவுதான். முதல் புருஷனோடு கப்பலில் வரும்போது அவளிடம் கைக்குழந்தை ஒன்று இருந்தது. நடுக்கடலில் காய்ச்சல். துணியில் சுற்றிக் கயிறு கட்டி இறக்கினார்கள். தண்ணீர் மூடிக்கொண்டதைப் பார்த்தாளாம். மூடின இடம் மூடின மாதிரியே தெரியவில்லையாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். கரை இறங்கிய வருஷமே அந்தப் புருஷனும் காய்ச்சலில் போனார். அதன் பிறகு அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்து நான் பார்த்ததில்லை. ஈரத் துணியால் தலையைத் துடைத்துக்கொள்வாள்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் வந்தன. பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விட்டார்கள். லயங்கள் காலியாயின. உடம்பு முடியாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி வீங்கி, குளிர் காய்ச்சலும் இருமலும் விடாமல் பிடித்தன. அனுப்புகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. எனக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம். என் வீட்டுக்காரருக்கு ரோடு போடும் இடத்தில் வேலை இருந்ததால் நாங்கள் இங்கேயே தங்குவதென்று ஆனது. அப்பாவும் அம்மாவும் போக வேண்டும். திங்கட்கிழமை காலை லாரி, சிங்கப்பூரில் கப்பல்.

அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் வாய்வழியாக ஒரு சேதி கொண்டுவந்தார். அப்பாவின் அண்ணன் சொல்லி அனுப்பியது. "தம்பி வரட்டும். எங்க வீடு அவன் வீடு. முழுக்கெடுக்காத பொம்பளைய மட்டும் வாசப்படி ஏத்த மாட்டோம்."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு, "நீ இவகூடவே இருந்துக்க. நான் போய்க்கிறேன்" என்றார்.

"போவீங்க. போயி இருமினா முதுகத் தடவிவிட அங்க யாரு இருக்கா? ஒங்க அண்ணனா?" என்றாள் அம்மா. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூப்பருகிட்ட சொல்லுங்க. நான் எடுக்குறேன்."

முழுகினால் அவரோடு போகலாம். முழுகாவிட்டால் இங்கே நின்று, அவர் சாகும் சேதி வரக் காத்திருக்கலாம். அவள் முன்னால் இருந்தது அவ்வளவுதான். கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

ஓடையில் அப்போது தண்ணீர் இல்லை. மேலே எங்கோ அணை கட்டித் திருப்பிவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஆறு. ஆற்றில் முதலை. மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் பெண்கள் துணி துவைக்க ஆற்றுக்குள் மூங்கில் நட்டு வேலி கட்டியிருப்பார்கள்; அதைப் பார்த்து மூப்பரும் சபை ஆண்களும் சனிக்கிழமை வேலை முடிந்து போய், மார்பளவு தண்ணீரில் நின்று, தகர டின்னைத் தட்டி முதலையை விரட்டிக்கொண்டே, வீட்டுக் கூடம் அளவுக்கு ஒரு வேலி நட்டுவிட்டு வந்தார்கள். இருட்டியபின் நனைந்து வந்த மூப்பர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அருமையான எடம்மா. நல்ல ஆழம். பயமில்லாம வாங்க" என்றார். நல்ல ஆழம் என்ற சொல்லைக் கேட்டு அம்மா இரவெல்லாம் புரண்டாள். பாய் சரசரத்ததை நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

ஞாயிறு. பத்து பாகாட்டிலிருந்து போதகர் வந்திருந்தார். மாதம் ஒருமுறை வருகிற, ஒல்லியான, எதற்கும் முதலில் சிரித்துவிடுகிற மனுஷர். பிற்பகல் பேருந்தைப் பிடித்துத் திரும்பியாக வேண்டும். ஆராதனை முடித்துப் பாடிக்கொண்டே நடந்தோம். முன்னால் அப்பாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அம்மா வெள்ளைச் சேலையில். உச்சி வெயில். மரங்கள் முடிந்து நிப்பா தொடங்கும் இடத்தில் அந்த வாடை எதிரே வந்தது. பாட்டு வரிசைக்கு வரிசை நின்றுபோனது. முன்னால் போனவர்கள் முதலில் நிறுத்தினார்கள். பின்னால் வந்தவர்கள் புரியாமல் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு இல்லை.

இருந்தது. நடுவில், தூரத்தில், பழுப்பாக ஒரு கோடு. அதற்கும் எங்களுக்கும் நடுவே கரும்பச்சைச் சேறு மினுமினுத்தது. சேற்றின் நடுவே எங்கள் மூங்கில் வேலி, ஆட்டுப்பட்டி மாதிரி நின்றது. உள்ளே நண்டுகள் ஓடின.

"நேத்து இருந்துச்சு" என்றார் மூப்பர். "என் நெஞ்சுக்கு இருந்துச்சு."

போதகர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஒருவர் சேற்றில் கால் வைத்தார். முழங்கால்வரை போய், செருப்பை உள்ளேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல்தான். பளிச்சென்று வந்து, அடுத்த நிமிஷமே, அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்ததும் அணைந்தது.

"ஐயா, நேரம் இல்ல. ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து தலையில ஊத்திட்டா என்னா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"ஊத்துறதுக்கா இத்தன வருஷம் ஏச்சு வாங்கினோம்?" மூப்பர் திரும்பினார். "கடக்காரன் சிரிச்சான், மத்த வேதக்காரங்க சிரிச்சாங்க, பொறுத்துக்கிட்டு நின்னோம்ல? அதுக்கு அன்னைக்கே ஊத்திருக்கலாமே."

"அவங்க நாளைக்குக் கப்பலுக்குப் போறவங்க மூப்பரே."

"தெரியும்யா. எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உடைந்தது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் நிப்பாவுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவுக்கு இந்த மண்ணில் வாய்த்த ஒரே சிநேகிதி. மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். சேலையைத் தூக்கிச் செருகி, கை நிறைய நண்டுச் சரம், முழங்கால்வரை சேறு.

"ஏ புள்ள! இன்னைக்கு அமாவாசடி! அமாவாசையும் பௌர்ணமியும் உச்சி நேரத்துல கடலு உள்வாங்கிரும், இந்த ஆத்துல தண்ணி எங்கடி இருக்கும்? தோட்டத்துல பாதி சனம் இங்கதானே நண்டு புடிக்குது. ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"யாருக்கும்மா தெரியும் அமாவாச?" என்றார் மூப்பர் எரிச்சலாக.

"அதான் ஒங்களுக்குத் தெரியாதே. பஞ்சாங்கத்தத்தான் அடுப்புல போட்டுட்டீங்களே. தண்ணிக்குப் போறவங்களுக்குத் தண்ணி வர்ற நாளு தெரிய வேணாமா மூப்பரே?"

போதகர் இப்போது நிஜமாகவே சிரித்தார். சிரித்துவிட்டுக் கைகூப்பினார். "தாயே, எப்பத் திரும்பும்?"

"பொழுது சாய நெஞ்சுக்கு வந்துரும். ஆனா ஒண்ணு. தண்ணியோட அவரும் வருவாரு." முதலையை அவள் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. "கம்பத்துப் படகுக்காரரு பக்சிக்கிட்ட சொல்லி சம்பான் கொண்டாரச் சொல்லுங்க. தட்டிக்கிட்டே இருந்தா கிட்ட வராது." அம்மா பக்கம் திரும்பினாள். குரல் மாறியது. "சாப்புட்டியா? மூஞ்சி ஏன்டி இப்புடி வெளுத்துக் கெடக்கு?"

போதகரின் பேருந்து போனது. தூரத்தில் அதன் ஹாரன் கேட்டபோது எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிற்பகல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு சபை முழுவதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தண்ணீரை எதிர்பார்த்தது. முதலில் சத்தமில்லை. பிறகு சேற்றுக் குழிகளில் சிறு குமிழிகள். பிறகு கோடுபோல ஒரு மினுக்கம், வேலியின் முதல் மூங்கிலைச் சுற்றி. குழந்தைகள் கூவினார்கள். வரவேண்டும், வந்துவிடக்கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் ஜெபித்தேன். அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூங்கிலாக நனைவதைப் பார்த்தாள். மூங்கிலுக்கு மூங்கில் அவள் உதடு வெளுத்தது.

"வேணாம்னா வேணாம். இப்பக்கூட ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. நீங்க பேசினா இருமல் வரும்."

பிறகு என்னிடம், "நீ எங்கூட வா. கையப் புடிச்சுக்க. விட்றாத" என்றாள்.

சூரியன் நிப்பாவுக்குள் இறங்கும் நேரம் பக்சிக், எல்லாரும் மாமா என்று அப்படிக் கூப்பிடும் அந்த மலாய்க்காரர், தன் சம்பான் படகை வேலியோடு கட்டினார். நான் அதில் உட்கார்ந்தேன். அவர் துடுப்பால் தண்ணீரைப் படார் படாரென்று அடித்துக்கொண்டே இருந்தார். போதகர் வேட்டியோடு உள்ளே நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சில் தட்டியது. அம்மா இறங்கினாள். அவள் வலது கை படகு விளிம்பைத் தாண்டி என் கையைத் தேடிப் பிடித்தது. நகம் பதிந்தது.

"விசுவாசிக்கிறீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா."

"செப்பாட் லா, செப்பாட்" என்றார் பக்சிக், சீக்கிரம் என்று, ஆற்றின் நடுவைப் பார்த்தபடியே.

போதகர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மாவே பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. மூடின மாதிரியே தெரியவில்லை. அவள் சொன்னது சரி. முகம் இல்லை, முடி இல்லை, வெள்ளைச் சேலை இல்லை. ஒரு கை மட்டும் வெளியே, காய்ந்தபடி, என் கைக்குள். நான் விடவில்லை. விடுவது எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் அவள் இருக்கிறாள் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கை.

எழுந்தாள். வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். கரையில், "தோத்திரம்!" என்று கத்தினார்கள்.

"கை முழுகல" என்றார் மூப்பர்.

கத்தல் நின்றது. போதகர் திரும்பிப் பார்த்தார். மூப்பர் இடுப்பளவு தண்ணீரில் வேலியைப் பிடித்தபடி நின்றார். "ஐயா, நான் சொல்லாம இருக்க முடியாது. கை வெளிய இருந்துச்சு. ஊர்ல நாளைக்கு யாராச்சும் கேட்டா..."

"அலமாக்! நாயிக், நாயிக்!" பக்சிக் துடுப்பை வேறு மாதிரி அடித்தார். ஏறுங்கள், ஏறுங்கள். ஆற்றின் நடுவில் ஒரு மரக்கட்டை நீரோட்டத்துக்கு எதிராக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு யார் யாரைத் தூக்கினோம் என்று தெரியவில்லை. கரையில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது வேலி மட்டும் தண்ணீருக்குள் ஆடியது. இனி யாரையும் இறக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

நடுங்கிக்கொண்டே போதகர் மூப்பரின் தோளில் கைபோட்டார். "மூப்பரே, கை ஏன் உள்ள போகலேன்னு ஆண்டவர் கேட்டா அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க போய் யாரையாவது காப்பி போடச் சொல்லுங்க."

மூப்பர் சிரிக்கவில்லை. வேட்டியைப் பிழிந்துகொண்டே முன்னால் நடந்தார்.

கொட்டாயில் விளக்கேற்றி இராப்போஜனம். பிரிகிறவர்களுக்காக. அம்மா வாசலில் உட்காரப் போனாள். அத்தையின் காய்ந்த சேலையைக் கட்டியிருந்தாள், மஞ்சள் வாசம் அடித்தது. நான் இழுத்து உள்ளே அப்பா பக்கம் உட்காரவைத்தேன். மூப்பர் தட்டை எடுத்தார். வரிசை வரிசையாக வந்தார். அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரடி விலகுமா? ஊரில் அப்பாவின் அண்ணன் வீட்டு வாசப்படியை எனக்குத் தெரியாது. அது இந்தக் கால்களில்தான் இருக்கிறது என்று பட்டது.

புகை மணம் வந்து நின்றது. தாண்டவில்லை. நகரவும் இல்லை. அம்மா வலது கையை நீட்டப்போய், அதுதான் நனையாத கை என்று நினைவு வந்தோ என்னவோ, மடக்கிக்கொண்டு இடது கையை எடுத்தாள். அதுவும் தப்பென்று தோன்றி அந்தரத்தில் நிறுத்தினாள். மூப்பர் குனிந்து தட்டைத் தாழ்த்தினார்.

"ரெண்டு கையாலயும் வாங்கும்மா" என்றார்.

அந்தக் கொட்டாய் இப்போது இல்லை. ஆட்கள் குறைந்து, அடுத்த சண்டையில் அத்தாப்பும் பலகையும் போய், தண்டவாளத் துண்டை யாரோ எடுத்துப் போனார்கள். அன்றைக்குப் பிறகு அந்த வேலிக்குள் யாரும் முழுகவில்லை. அம்மாதான் எங்கள் சபையில் கடைசியாக முழுகினவள். அது முழுக்குதானா என்று மூப்பர் சாகும்வரை யோசித்திருப்பார். ஆனால் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை லாரியில் அப்பாவை மூட்டைகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார்கள். அத்தை ஒரு சட்டி நண்டுக் குழம்பைத் துணியால் கட்டிக் கொடுத்து, "கப்பல்ல ஊசிப்போறதுக்குள்ள தின்னுருங்க. ஒங்க சாமி நண்டு திம்பாரா?" என்றாள். அம்மா சிரித்தாள், அழுதாள். பின்பலகையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே கை.

"அங்க கேட்டாங்கன்னா என்னாம்மா சொல்லுவ?" என்றேன். இரவெல்லாம் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

"உள்ளதச் சொல்லுவேன். முழுகினேன், ஒரு கைய மகக்கிட்டக் குடுத்துட்டு முழுகினேன்னு. அதுக்கப்பறம் ஏத்துறதும் ஏத்தாததும் அவங்க பாடு. திண்ணையிலயோ தெருவுலயோ ஒக்காந்து இவருக்குக் கஞ்சி ஊத்துவேன்."

"கடல்மா."

"இருக்கட்டும்."

லாரி உறுமியது. நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். செம்மண் தூசியில் அவள் முகம் மறைந்து மறைந்து வந்தது. கை மட்டும் என் கையில்.

"விடுடி" என்றாள் அம்மா. "நான்தான் முழுகிட்டேன்ல. பயமில்ல. விடு."